இரண்டு கூச்சங்கள்: முன்தோலின் வரலாறு

தலைப்பைப் பார்த்து சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். காத்திருக்கிறேன். முடிந்ததா? சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வருடம் ஒரு ராத்திரி, பீளமேட்டில் எங்கள் விடுதி. மணி பதினொன்று. குளியலறைக்குப் போன என் அறை நண்பன் வெளியே வரவே இல்லை. கதவைத் தட்டினால் "ஒண்ணுமில்லடா" என்று மட்டும் குரல் வருகிறது. கடைசியில் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி அப்படியே விட்டுவிட்டால் மொட்டில் இருக்கும் கூச்சம் தானாகப் போய்விடும் என்று யாரோ ஒரு சீனியர் சொல்லியிருக்கிறார். இவனும் காலையிலிருந்து அப்படியே விட்டிருக்கிறான். சாயங்காலம் பார்த்தால் தோல் மோதிரம் மாதிரி இறுகி, வீங்கி, முன்னுக்கு வர மறுக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஐந்து மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவினார். வீங்கிய இடத்தைக் கையால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தார். பிறகு கட்டைவிரலால் மொட்டை உள்ளே அழுத்தி, தோலை மெதுவாக முன்னுக்கு இழுத்தார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. "இதுக்கு பாராஃபைமோசிஸ்னு பேருங்க தம்பி. விடியட்டும்னு இருந்திருந்தா ரத்த ஓட்டமே நின்னிருக்கும்" என்றார்.

எனக்கு எதையும் அதன் ஆரம்பத்தில் போய்ப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. தேடியபோது ஆச்சரியம் காத்திருந்தது. அந்த டாக்டர் செய்த கைவேலை சுஸ்ருத சம்ஹிதையில் அப்படியே இருக்கிறது! பல கைகள் பட்டு வளர்ந்த பழைய சமஸ்கிருத மருத்துவ நூல் அது. பின்னால் போய் மாட்டிக்கொண்ட தோலுக்கு அதில் 'பரிவர்த்திகா' என்று பெயர். தேய்ப்பதாலும் அழுத்துவதாலும் அடிபடுவதாலும் வருவது என்று காரணமும் சொல்கிறது. சிகிச்சை என்ன? நெய் தடவு, ஒத்தடம் கொடு, மூன்று அல்லது ஐந்து இரவுகள் பற்றுப் போட்டுக் கட்டு, பிறகு 'மணி'யை அழுத்தியபடி தோலை மெல்ல முன்னுக்குக் கொண்டு வா. மணி என்றால் மொட்டு. (இன்றைக்கு ஐந்து இரவு காத்திருக்கக் கூடாது. அதை மட்டும் சுஸ்ருதரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

தோல் பின்னுக்கே போகாத நிலைக்கு அதே நூலில் 'நிருத்தபிரகசம்' என்று பெயர். இரும்பு, மரம் அல்லது அரக்கில் செய்த, இரண்டு பக்கமும் திறந்த குழாயில் நெய் தடவி நுழைக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு முறை அதைவிடக் கொஞ்சம் பருத்த குழாய். கத்தி வைக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வருவது எண்ணெய்ப் பசையும் பொறுமையும்தான்.

நடுவில் இந்தப் பொறுமை எங்கே போனது? 1846-க்குப் பிறகு மயக்க மருந்து பரவ, அறுவை சிகிச்சை சுலபமானது. 1870-ல் நியூயார்க்கின் லூயிஸ் சேயர், கால் விளங்காத ஒரு பையனின் முன்தோலை வெட்டி, கால் சரியாகிவிட்டது என்று அறிவித்தார். அதன்பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வலிப்பு முதல் நரம்புத் தளர்ச்சி வரை எல்லாப் பழியும் முன்தோல் தலையில் விழுந்தது.

அதை நிறுத்திக் கேள்வி கேட்டவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர். 1949-ல் அவர் எழுதிய கட்டுரையின்படி, பிறக்கும்போது 4 சதவீதம் குழந்தைகளுக்குத்தான் தோல் முழுதாகப் பின்னுக்குப் போகும். மற்றவர்களுக்கு அது மொட்டோடு ஒட்டியிருப்பது நோயல்ல, இயல்பு. 1968-ல் டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர், பள்ளி மாணவர்கள் 1,968 பேரை வருடக்கணக்கில் கவனித்து, இது 17 வயது வரைகூட மெதுவாகத் தானே விலகும் என்று காட்டினார். 1990-களில் ஸ்டீராய்டு களிம்பு வந்தது. சில வாரம் தடவினால் பெரும்பாலோருக்கு இறுக்கம் தளர்கிறது, கத்தி தேவைப்படுவதில்லை. நெய்யும் குழாயும் போய்க் களிம்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போ கூச்சம்? எப்போதும் மூடியே இருந்த ஈரமான தோல் திடீரென்று ஜட்டித் துணியில் உரசினால் கூசத்தான் செய்யும். அது குறையும் என்பதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் உண்டு. சின்ன வயதில் சுன்னத் செய்துகொண்ட என் கோட்டைமேட்டு நண்பனிடம் கேட்டேன். "கூச்சமா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான். பெரியவர்களான பிறகு செய்துகொள்கிறவர்களுக்கும் முதல் சில வாரங்கள்தான் உரசல் தொந்தரவு. உடல் பழகிக்கொள்கிறது.

ஆனால் தோலை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பின்னுக்குத் தள்ளியது முன்னுக்கும் வந்தாக வேண்டும். டாக்டர் நண்பனுக்குச் சொன்னதை இங்கே தருகிறேன். குளிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில், வலிக்காத அளவுக்கு மட்டும் தள்ளு. சோப்பு வேண்டாம், எரியும். முதலில் ஓரிரு நிமிடம், நாளாக ஆகக் கொஞ்சம் கூட்டு. உரசல் இருந்தால் சாதாரண வாசலின், தளர்வான பருத்தி ஜட்டி. முடித்ததும் தோலை முன்னுக்குக் கொண்டுவந்துவிடு. இறுக்கமாக இருந்தால் தள்ளியபடி விட்டு வைக்காதே, தூங்காதே. வெடிப்பு, வெள்ளைத் தழும்பு, வலி இருந்தால் டாக்டரைப் பார். அடிக்கடி வெடித்தால் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள். களிம்பை நீயே மெடிக்கலில் வாங்கித் தடவாதே. மாட்டிக்கொண்டால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி.

இதில் ஒன்றும் ரகசியம் இல்லை. ஆனாலும் நம் பையன்கள் டாக்டரிடம் போவதில்லை. சுவரில் ஒட்டிய 'ஆண்மைக் குறைவா?' நோட்டீஸில் இருக்கும் நம்பரைத்தான் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட விளம்பரங்களுக்கு 1954-லேயே சட்டம் போட்டுத் தடை விதித்தாகிவிட்டது. சட்டம் வந்தும் சுவர் மாறவில்லை, ஏனென்றால் நம் வெட்கம் மாறவில்லை.

தோலின் கூச்சம் சில வாரத்தில் போகும். அன்றைக்கு ராத்திரி என் நண்பனுக்கு ஆபத்தாக இருந்தது மற்றக் கூச்சம், ஐந்து மணி நேரம் கதவைத் தாழ் போட வைத்த கூச்சம். அவன் இப்போது நலம். பெயர் போடாமல் எழுதிக்கொள் என்று சொன்னதும் அவன்தான். "எவனாவது ஒருத்தன் கதவைச் சீக்கிரம் திறந்தா போதும்டா" என்றான்.