நிலவுப் பெண்ணும் நிஜ ராக்கெட்டும்

திரான்சில்வேனியாவின் மேடியாஷ் என்ற சிறு நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹெர்மன் ஓபெர்த்துக்கு 1928இல் பெர்லினிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் திரைப்பட இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங். ‘மெட்ரோபோலிஸ்’ படத்தால் உலகப் புகழ் பெற்றிருந்த லாங், நிலவுக்குப் போகும் கதையொன்றை ஊஃபா நிறுவனத்துக்காக எடுக்கவிருந்தார். கதை அவருடைய மனைவி தியா ஃபான் ஹார்போ எழுதியது. ராக்கெட் எப்படி இருக்கும், எப்படிக் கிளம்பும், உள்ளே மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அன்று உலகத்திலேயே நாலைந்து பேர்தான்.

ஓபெர்த் அந்த நாலைந்து பேரில் ஒருவர். திரவ எரிபொருள் ராக்கெட்டால் பூமியின் ஈர்ப்பைத் தாண்டிப் போக முடியும் என்று கணக்குப் போட்டு முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு தயாரித்திருந்தார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அதை ஏற்கவில்லை. 1923இல் அதையே ‘கோள்வெளிக்கு ராக்கெட்’ என்ற பொருள்படும் தலைப்பில் மெலிந்த புத்தகமாக வெளியிட்டார். சமன்பாடுகள் நிறைந்த அந்தப் புத்தகம் ஜெர்மானிய இளைஞர்கள் கையில் சுற்றியது. அவர்களில் வில்லி லே என்ற இளம் எழுத்தாளரும் ஒருவர். லாங்கின் படத்துக்கு அவரும் ஆலோசனை சொன்னார்.

அதுவரை சினிமா நிலவுக்குப் போன விதம் வேறு. 1902இல் பாரிஸை ஒட்டி ஜார்ஜ் மெலியெஸ் எடுத்த ‘நிலவுக்கு ஒரு பயணம்’ படத்தில் விஞ்ஞானிகள் ஒரு குண்டுக்குள் ஏறி உட்காருவார்கள். ராட்சத பீரங்கி அவர்களைச் சுட்டு அனுப்பும். குண்டு நிலவின் கண்ணில் போய்க் குத்தும். பீரங்கி யோசனை ஜூல் வெர்னின் நாவலிலிருந்து வந்தது. நிஜத்தில் அப்படிச் சுட்டால், வெடித்த கணத்தின் வேக அதிர்ச்சியிலேயே உள்ளிருப்பவர்கள் நசுங்கிப்போவார்கள். ஆனால் படத்தில் திரும்பி வரும் குண்டு கடலில் விழுகிறது, அதை ஒரு கப்பல் கரைக்கு இழுத்து வருகிறது. 66 ஆண்டுகள் கழித்து நிலவைச் சுற்றித் திரும்பிய அப்போலோ 8 விண்கலமும் கடலில்தான் இறங்கியது, கப்பல்தான் எடுத்துக்கொண்டது.

மெலியெஸின் படம் வந்த மறு ஆண்டு, 1903இல், ரஷ்யாவின் கலூகா நகரத்தில் காது சரியாகக் கேளாத பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் ஸியோல்கோவ்ஸ்கி, விண்வெளிக்குப் போக ராக்கெட்தான் வழி என்று நிறுவும் கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட் 1926 மார்ச் 16 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையிலிருந்து முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். இரண்டரை விநாடி பறந்து, 41 அடி உயரம் தொட்டு, தோட்டத்தில் விழுந்தது. ஓபெர்த் பெர்லினுக்கு ரயிலேறியபோது ராக்கெட் அறிவியலின் கையிலிருந்த மொத்தச் சாதனையும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

காகிதத்தில் கணக்குப் போடுகிறவர் பலவற்றை எழுதாமல் விட்டுவிடலாம். படம் எடுக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. பயணிகள் புறப்படும்போது உட்கார்ந்திருக்கிறார்களா, படுத்திருக்கிறார்களா? எடையில்லாமல் மிதக்கும்போது எதைப் பிடித்துக்கொள்வார்கள்? இத்தனை உயரமான ராக்கெட்டை எங்கே நிறுத்திக் கட்டுவது, எப்படி வெளியே கொண்டுவருவது? செட் போடும் தச்சருக்கு இதற்கெல்லாம் நாளைக்கே பதில் வேண்டும். பெர்லினை ஒட்டிய பாபெல்ஸ்பெர்க் படப்பிடிப்புத் தளத்தில், எந்த அரசும் காசு கொடுத்துக் கேட்காத கேள்விகளுக்கு ஓபெர்த் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பதில்களின் துல்லியம் இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. 1929 அக்டோபர் 15 அன்று பெர்லினில் வெளியான ‘நிலவில் பெண்’ படத்தில் ராக்கெட் பல அடுக்குகள் கொண்டது. எரிந்து தீர்ந்த அடுக்கு கழன்று விழும். பிரம்மாண்டமான கொட்டகைக்குள் நின்ற நிலையிலேயே பூட்டப்பட்டு, அப்படியே தண்டவாளத்தில் நகர்ந்து ஏவுமிடத்துக்கு வரும். பயணிகள் படுக்கையில் மல்லாந்து படுத்து வேக அழுத்தத்தைத் தாங்குவார்கள். எடையின்மையில் கால் நிற்பதற்காகத் தரையெங்கும் வார்கள் தைக்கப்பட்டிருக்கும். 1960களில் கேப் கென்னடியில் 160 மீட்டர் உயரக் கட்டடத்துக்குள் சாட்டர்ன் 5 ராக்கெட் நின்ற நிலையில் பூட்டப்பட்டதும், அப்படியே நின்றபடி ஊர்தியில் நகர்ந்து வந்ததும், வீரர்கள் மல்லாந்து படுத்தபடி கிளம்பியதும் உலகம் முழுக்கப் பார்த்தவை.

இன்று எல்லோருக்கும் பழகிப்போன தலைகீழ் எண்ணிக்கையும் இந்தப் படத்தில்தான் ராக்கெட்டோடு ஒட்டிக்கொண்டது. மௌனப்படம் என்பதால் எண்கள் எழுத்து அட்டைகளாகத் திரையில் வந்தன. இன்னும் ஆறு விநாடி, ஐந்து, நான்கு என்று இறங்கி, ஒன்று முடிந்ததும் திரை நிறைய ‘இப்போது’ என்ற சொல். ஒன்று, இரண்டு என்று ஏறுமுகமாக எண்ணினால் எப்போது கிளம்பும் என்று பார்வையாளருக்குத் தெரியாது. இறங்குமுகமாக எண்ணினால் தெரியும் என்பதே லாங் பிற்காலத்தில் சொன்ன விளக்கம். நாடக உத்தியாகப் பிறந்த அது பொறியாளருக்கும் பொருந்திப்போனது. ஏவுவதற்கு முன் ஒவ்வொரு வேலையும் எந்த விநாடியில் முடிந்திருக்க வேண்டும் என்று பூஜ்யத்திலிருந்து பின்னோக்கிக் குறித்துக்கொள்வதுதான் இன்றும் ஏவுதள வழக்கம்.

படத்தின் பின்பாதி அறிவியலை விட்டு விலகிவிடுகிறது. நிலவின் மறுபக்கத்தில் மூச்சுவிடக் காற்று இருக்கிறது, குகைகளில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது. காதல் கதைக்கும் பேராசைக் கதைக்கும் அது தேவைப்பட்டது. தலைக்கவசத்துக்குள் நாயக நாயகியின் முகத்தைப் பூட்டிவைக்க எந்தத் தயாரிப்பாளரும் அன்று சம்மதித்திருக்க மாட்டார்.

படத்தோடு இன்னொரு திட்டமும் பிணைந்திருந்தது. வெளியீட்டு நாளில் நிஜமாகவே ஒரு திரவ எரிபொருள் ராக்கெட்டை வானத்துக்கு ஏவிக் காட்டுவது என்று ஓபெர்த் ஒப்புக்கொண்டிருந்தார். செலவை ஊஃபாவும் லாங்கும் ஏற்றார்கள். ஓபெர்த் கணக்கில் மேதை. பட்டறை வேலை அவருக்குக் கைவரவில்லை. பெட்ரோலும் திரவக் காற்றும் கலந்த சோதனை ஒன்று வெடித்து அவர் காயமடைந்தார். பால்டிக் கடலில் உள்ள கிரைஃப்ஸ்வால்டர் ஓயி என்ற சிறு தீவிலிருந்து ஏவ நினைத்தார்கள். அங்கிருந்த கலங்கரை விளக்கத்துக்கு ஆபத்து என்று அனுமதி கிடைக்கவில்லை. நாள் நெருங்கியது, ராக்கெட் முடியவில்லை. ஓபெர்த் மனம் நொந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். படம் ராக்கெட் இல்லாமலே வெளியானது.

ஆனால் சினிமாக் காசில் வாங்கிய கருவிகள் பெர்லினிலேயே கிடந்தன. 1927இல் தொடங்கப்பட்ட விண்பயணச் சங்கத்தின் இளைஞர்கள் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். 1930 ஜூலை 23 அன்று, அரசு வேதியியல் ஆய்வு நிலையத்தின் வளாகத்தில், ஓபெர்த் வடிவமைத்த கூம்பு வடிவ எஞ்சின் பெட்ரோலும் திரவ ஆக்ஸிஜனும் குடித்து 90 விநாடி எரிந்தது. அது தந்த உந்துவிசை ஏழு கிலோகிராம். நிலையம் அதற்கு அத்தாட்சி எழுதிக் கொடுத்தது. அந்தச் சோதனைக்குத் திரும்பி வந்திருந்த ஓபெர்த்துக்குக் கைவேலை பார்த்தவர்களில் 18 வயது மாணவன் ஒருவனும் இருந்தான்: வெர்னர் ஃபான் பிரௌன்.

அதே ஆண்டு செப்டம்பரில், பெர்லினின் வடக்கே கைவிடப்பட்ட வெடிமருந்துக் கிடங்கில் அந்தச் சங்கம் தன் ராக்கெட் தளத்தைத் திறந்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த தொழிலாளிகள் அங்கே தங்கிக்கொண்டு பற்றவைப்பும் பட்டறை வேலையும் செய்தார்கள். ராணுவம் இதைக் கவனித்துக்கொண்டிருந்தது. 1932இல் ஃபான் பிரௌன் ராணுவச் சம்பளத்துக்குப் போனார். 1937இல் பால்டிக் கரையில் பீனமுண்டே தளம் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவருடைய குழு ராக்கெட்டுகளைச் சோதித்த இடம், எட்டாண்டுக்கு முன் சினிமா ராக்கெட்டுக்கு மறுக்கப்பட்ட அதே ஓயித் தீவு.

1942 அக்டோபர் 3 அன்று பீனமுண்டேயிலிருந்து எழும்பி 80 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த ஏ-4 ராக்கெட்டின் உடலில் ஒரு படம் வரையப்பட்டிருந்தது: பிறைநிலவின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண். லாங்கின் படத்துக்குப் பொறியாளர்கள் செலுத்திய வணக்கம் அது. படமோ அப்போது ஜெர்மனியில் தடையில் இருந்தது. அதிலிருந்த ராக்கெட், ராணுவ ரகசியத்துக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்டதால் நாஜி ஆட்சி அதைத் திரையிலிருந்து எடுத்துவிட்டது. லாங் 1933இலேயே நாட்டை விட்டுப் போயிருந்தார். ஹார்போ அங்கேயே தங்கி நாஜிக் கட்சியில் சேர்ந்தார்.

படத்தில் வரும் ராக்கெட்டின் பெயர் ‘ஃபிரீடெ’, அதாவது சமாதானம். ஏ-4 பிறகு வி-2 என்ற பெயரில் லண்டன்மீதும் ஆன்ட்வெர்ப்மீதும் விழுந்தது. அதைச் செய்தவர்கள் மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகள். மலையைக் குடைந்த சுரங்கங்களில் வேலைசெய்து, பசியிலும் நோயிலும் தூக்கிலும் அந்த முகாமில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். வி-2 விழுந்து இறந்தவர்களைவிட அந்த முகாமில் இறந்தவர்கள் அதிகம். சினிமாவும் ராக்கெட்டும் கைகோத்து நடந்த வரலாற்றை உற்சாகத்தோடு சொல்பவர் யாரும் இந்தச் சுரங்கங்களைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது. நிலவுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற ராக்கெட் இந்த வி-2வின் வாரிசு.

சோவியத் நாட்டிலும் இதே கூட்டு நடந்தது. 1936இல் மாஸ்ஃபிலிம் வெளியிட்ட ‘விண்வெளிப் பயணம்’ படத்துக்கு ஆலோசகர் ஸியோல்கோவ்ஸ்கி. இயக்குநர் வாசிலி ஷுராவ்லியோவ் கலூகாவுக்கே போய் அவரைச் சந்தித்தார். கிழவர் படத்துக்காக ஒரு நோட்டு நிறையப் படங்கள் வரைந்து கொடுத்தார்: எடையின்மையில் மனிதன் எப்படித் திரும்புவான், காற்றறையின் கதவு எப்படித் திறக்கும் என்றெல்லாம். படத்தில் பயணிகள் திரவத்தொட்டிக்குள் மூழ்கியபடி ஏவுதலின் அழுத்தத்தைத் தாங்குவார்கள். அது அவருடைய யோசனை. நிலவின் குறைந்த ஈர்ப்பில் துள்ளி நடப்பதைப் பொம்மைகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்தார்கள். 1935 செப்டம்பரில் ஸியோல்கோவ்ஸ்கி இறந்துபோனார். முடிந்த படத்தை அவர் பார்க்கவில்லை.

போருக்குப் பிறகு ஃபான் பிரௌனோடு மையமும் அமெரிக்காவுக்கு மாறியது. 1950இல் ஜார்ஜ் பால் தயாரித்து, இர்விங் பிஷெல் இயக்கிய ‘டெஸ்டினேஷன் மூன்’ படத்தின் திரைக்கதையில் எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனின் பங்கு உண்டு. நிலவின் காட்சிகளை வரைந்தவர் ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல். அதில் கலத்துக்கு வெளியே பழுதுபார்க்கப் போன ஒருவர் பிடி நழுவி மிதந்து விலகிவிடுகிறார். இன்னொருவர் ஆக்ஸிஜன் உருளையைத் திறந்து, பீறிடும் வாயுவின் உதைப்பில் பறந்துபோய் அவரை மீட்கிறார். 1965 ஜூன் 3 அன்று ஜெமினி 4 கலத்திலிருந்து வெளியேறி, விண்வெளியில் நடந்த முதல் அமெரிக்கரான எட் வைட் கையில் பிடித்திருந்த சிறு கருவியும் ஆக்ஸிஜன் வாயுவின் உதைப்பில்தான் அவரை நகர்த்தியது.

1955 மார்ச்சில் வால்ட் டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ‘மேன் இன் ஸ்பேஸ்’ ஒளிபரப்பானது. கேமரா முன் நின்று விளக்கியவர்களில் வெர்னர் ஃபான் பிரௌனும் இருந்தார், லாங்கின் படத்தில் வேலைசெய்த வில்லி லேயும் இருந்தார். ஸ்புட்னிக் பறக்க இன்னும் இரண்டரை ஆண்டு இருந்தது. வரிப்பணத்தை விண்வெளியில் செலவழிக்க ஒரு தேசம் சம்மதிக்க வேண்டுமென்றால், முதலில் அதன் வீடுகளில் நிலவு நெருங்கித் தெரிய வேண்டும் என்பதை இவர்கள் பெர்லின் நாட்களிலேயே கற்றிருந்தார்கள்.

தமிழ்ப் பக்கத்திலும் சினிமாவும் ராக்கெட்டும் ஒரே ஆண்டில் வந்தன. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ வெளியானது. வேற்றுக் கிரகவாசிகள் பூமிக்கு வந்து, தங்கள் உலகுக்கு இசை கற்பிக்க ஒரு பாடகியைக் கடத்திப் போகும் கதை. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து, அமெரிக்கா தந்த நைக்கி-அப்பாச்சி ராக்கெட், பிரான்ஸ் தந்த சோடியம் ஆவிக் கருவியோடு மாலை வானில் ஏறியது. மீனவர் குப்பத்து மாதா கோயில்தான் அலுவலகம். ராக்கெட்டைப் பூட்டும் பொறுப்பில் இருந்தவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஆனால் இங்கே இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. பெர்லினில் ஒரே ஆள் இரண்டு இடத்திலும் நின்றார். ‘கலை அரசி’யின் விண்கலம் பாட்டுக்கும் சாகசத்துக்கும் வாகனமாக இருந்தது, தும்பாவின் ராக்கெட் பல பத்தாண்டுகள் தமிழ்த் திரைக்கு வெளியிலேயே இருந்தது.

அந்த இடைவெளியை 2022இல் ஆர். மாதவன் இயக்கி நடித்த ‘ராக்கெட்ரி’ ஓரளவு குறைத்தது. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனின் வாழ்க்கைக் கதை அது. பிரான்ஸின் வைக்கிங் எஞ்சினிலிருந்து உருவான விகாஸ் திரவ எஞ்சின் படத்தின் இன்னொரு நாயகன். ஊஃபாவின் பணத்தில் ஓபெர்த் செய்ய முயன்று முடியாமல் போன அதே இனத்து எஞ்சின், அதே கஷ்டங்கள்: குழாய், வால்வு, பற்றவைப்பு, வெடிப்பு. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்த விகாஸ் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மைய அடுக்கில் எரிந்தவை இவற்றில் இரண்டு. நடந்து முடிந்ததைப் படமாக்குவதில் தமிழ்த் திரை இப்போது தேறிவிட்டது. இனி நடக்கவிருப்பதைப் படமாக்க நினைக்கும் இயக்குநர் கதை எழுதும்போதே மகேந்திரகிரிக்குப் போகட்டும். அங்கே பதில் சொல்ல, லாங்கின் காலத்தில் இருந்த நாலைந்து பேருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள்.