வந்து சேராத மடல்கள்: சிற்றுலகுக் கொள்கையும் அதன் சோதனையும்

மக்கள் ஒருவரோடொருவர் கொண்டுள்ள தொடர்பைப் பற்றிக் கருத்துக் கூறுதல் எளிது. அக்கருத்தைச் சோதித்து மெய்ப்பித்தல் அரிது. உறவும் நட்பும் நிறுத்து அளக்கும் பொருள்கள் அல்ல. ஆயினும் அவற்றையும் சோதனைக்கு உட்படுத்த இருபதாம் நூற்றாண்டின் அறிஞர் முயன்றனர். அம்முயற்சிகளுள் பெரிதும் புகழ்பெற்ற ஒன்றனையும், அதன் சான்று காலப்போக்கில் எவ்வாறு மறுமுறை எடைபோடப்பட்டது என்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

உலகத்து மாந்தருள் எவரேனும் இருவரை எடுத்துக்கொண்டால், அறிந்தவர்க்கு அறிந்தவர் என்ற முறையில் ஒரு சிறு சங்கிலி அவ்விருவரையும் இணைக்கும் என்பது சிற்றுலகுக் கொள்கை. இக்கருத்து முதலில் ஆய்வுக் கட்டுரையில் தோன்றாது சிறுகதையில் தோன்றியது. அங்கேரி நாட்டு எழுத்தாளர் பிரிகியெஸ் கரிந்தி 1929-ஆம் ஆண்டு வெளியிட்ட கதையில், அன்றிருந்த 150 கோடி மக்களுள் எவரையும் ஐவர்க்கு மேற்படாத அறிமுகத்தார் வழியே அடையலாம் எனக் கதைமாந்தர் ஒருவர் பந்தயம் கூறுகின்றார். புனைவில் எழுந்த கருத்தாயினும் அது பின்னர்க் கணித அறிஞரின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டின் அரசியல் அறிஞர் இதியேல் தெ சோலா பூலும் கணித அறிஞர் மன்பிரெட் கோச்செனும் இதனைக் கணக்கிட முற்பட்டனர். ஒருவர்க்கு ஆயிரவர் அறிமுகம் எனக் கொள்வோம். அவ்வாயிரவருள் ஒவ்வொருவர்க்கும் வேறு ஆயிரவர் அறிமுகமாயின், இரண்டாம் படியில் பத்து இலட்சம் பேரும் மூன்றாம் படியில் நூறு கோடிப் பேரும் அடங்குவர். கணக்கு இவ்வளவில் எளிது. ஆனால், என் நண்பரின் நண்பர் பெரும்பாலும் எனக்கும் நண்பரே. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. எவ்வளவு படிந்துள்ளன என்பது தெரியாதவரை கணக்கு முற்றுப்பெறாது. இவ்விடர்ப்பாட்டினால் அவ்விருவரும் தம் கட்டுரையை வெளியிடாது வைத்திருந்தனர். கைப்படியாகவே பலரும் பயின்ற அக்கட்டுரை, சமூகத் தொடர்பு வலைகளுக்கெனத் தொடங்கப்பெற்ற ஆய்விதழின் முதல் இதழில் 1978-இல்தான் அச்சேறிற்று.

கணக்கினால் முடியாததை ஸ்டான்லி மில்கிராம் என்னும் உளவியலறிஞர் அஞ்சலினால் முடிக்கக் கருதினார். அவர் அப்பொழுது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நாட்டின் நடுவிடத்து மாநிலங்களில் சிலரைத் தேர்ந்து, அவர்களிடம் ஒரு மடல் கொடுக்கப்பட்டது. கீழ்க்கரையில் வாழும் குறித்த ஒருவரின் பெயரும் ஊரும் தொழிலும் அதில் எழுதப்பட்டிருந்தன. அவரை நேரே அறிந்தவராயின் அவர்க்கே அனுப்புக. அறியாராயின், அவரை அறிந்திருக்கக்கூடும் எனத் தோன்றும் தம் அறிமுகத்தார் ஒருவர்க்கு அனுப்புக என்பது கட்டளை. மடலைக் கைக்கொண்ட ஒவ்வொருவரும் அதிலுள்ள பட்டியலில் தம் பெயரை எழுதியதோடு, உடனிருந்த அஞ்சலட்டைகளுள் ஒன்றனை ஆய்வாளர்க்கும் விடுத்தல் வேண்டும். இவ்வட்டை ஏற்பாடே அச்சோதனையின் சிறந்த பகுதி என்பது எம் கருத்து. மடல் வந்து சேராதொழியினும் அது யாரிடம் நின்றது என்பதனை அவ்வட்டைகள் காட்டும்.

அறிமுகத்தார் யாவர் என்பதற்கு மில்கிராம் வைத்த வரையறை, முதற்பெயர் சொல்லி அழைக்கும் அளவு பழகியவர் என்பது. அந்நாட்டு வழக்கிற்கு இது பொருந்தும். மூத்தாரைப் பெயர் சொல்லி விளித்தல் முறையன்று எனக் கொண்டு, அண்ணன், அக்காள், மாமா என முறைப்பெயரிட்டே அழைக்கும் நம்மவரிடை இவ்வரையறையை அப்படியே பெயர்த்து வழங்கின், மிக நெருங்கிய உறவினரே அறிமுகமில்லாதவர் ஆகிவிடுவர். சோதனைக் கருவியும் ஒரு சமுதாயத்தின் வழக்கில் வேரூன்றியதே.

1967-ஆம் ஆண்டு மில்கிராம் தம் முடிவுகளைப் பொதுமக்களுக்கான உளவியல் இதழொன்றில் வெளியிட்டார். கான்சஸ் மாநிலத்துக் கோதுமை உழவர் ஒருவரிடம் தொடங்கிய மடல், இரு சமயகுருமார் வழியே நான்கே நாட்களில் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பெண்மணியை அடைந்த செய்தி அதில் முன்னிறுத்தப்பட்டது. நெபிராஸ்காவில் தொடங்கிச் சேர்ந்த மடல்களில் இடைநின்றோர் நடுவளவாக ஐவர் என்றும் கூறப்பட்டது. படித்தோர் வியந்தனர். ‘ஆறு படி’ என்னும் தொடரை மில்கிராம் ஆண்டாரல்லர். அது 1990-இல் ஜான் குவேர் இயற்றிய நாடகத்தின் தலைப்பால் பரவியது.

1969-இல் டிராவர்ஸ் என்பாரும் மில்கிராமும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை எண்களை விரிவாகத் தருகின்றது. குறிக்கப்பட்டவர் பாஸ்டனில் தொழில் செய்த பங்குத் தரகர் ஒருவர். தொடக்கத்தார் 296 பேர். அவருள் மடலை மேற்செலுத்தியோர் 217 பேர். தரகரை அடைந்த மடல்கள் 64. அவற்றின் இடைநின்றோர் சராசரி 5.2. இவ்வறுபத்து நான்கனுள் 16 மடல்கள் தரகரின் ஊரிலிருந்த துணி வணிகர் ஒருவர் கை வழியாகவே வந்தன என்பதும் கருதத்தக்கது.

ஈண்டு நிறுத்தி நோக்குதல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளோடு பழகிய நமக்கு இந்நிலை புதிதன்று. எழுபது எனப்படும் பரிபாடலில் முழுமையாகக் கிடைப்பன 22. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன. எஞ்சிய எட்டுப் பத்தினைக் கொண்டு சேர வேந்தர் அனைவரையும் பற்றி முடிவு கூறுவாரை நாம் தடுத்து நிறுத்துவோம். அவ்வாறாயின், 64 மடலைக் கொண்டு எஞ்சிய 232 மடலுக்கும் முடிவு கூறலாமோ?

மறைந்தனவும் எஞ்சியனவும் ஒரு தன்மையன அல்ல என்பதே இதில் உள்ள சிக்கல். மடலைப் பெறுவோருள் நால்வர்க்கு மூவர் அதனை மேற்செலுத்துவர் என ஓர் எடுத்துக்காட்டிற்குக் கொள்வோம். மூவர் கைப்படவேண்டிய மடல்களில் நூற்றுக்கு 42 சேரும். பதின்மர் கைப்படவேண்டிய மடல்களில் நூற்றுக்கு ஆறுகூடச் சேரா. நெடிய சங்கிலிகளே மிகுதியும் அறுபடுதலின், வந்தவற்றை மட்டும் எண்ணிச் சராசரி காண்பார்க்கு உலகம் உள்ளதினும் சிறியதாகவே தோன்றும். சமூகவியலறிஞர் ஹாரிசன் ஒயிட் 1970-இல் இக்குறையைக் கணக்கினால் ஈடுசெய்யும் வழியை ஆராய்ந்தார்.

தொடக்கத்தாரைத் தேர்ந்த முறையும் ஆராயத்தக்கது. 296 பேரில் நூற்றுவர் தரகர் தொழில் செய்த பாஸ்டன் பகுதியினர். நெபிராஸ்காவினர் 196 பேருள்ளும் நூற்றுவர் பங்குடையோர். பங்குத் தரகரைத் தேடுதல் அவர்க்கு எளிது. தொலைவாலும் தொழிலாலும் தொடர்பற்ற பொதுமக்கள் 96 பேரே. அவர் தொடங்கிய மடல்களுள் சேர்ந்தவை 18. எந்த இருவரையும் இணைக்கலாம் என்னும் பெருங்கொள்கைக்கு நேரான சான்று இப்பதினெட்டே.

மில்கிராம் இதனை உணராதவர் எனல் பொருந்தாது. 1970-இல் அவரும் கோர்ட்டி என்பாரும் வேறொரு சோதனை நிகழ்த்தினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வெள்ளையர் தொடங்கிய மடல்களை நியூயார்க்கில் இருந்த வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் செலுத்தச் செய்தனர். வெள்ளையரை நாடியவற்றுள் நூற்றுக்கு 33 சேர்ந்தன. கறுப்பினத்தாரை நாடியவற்றுள் 13. நாட்டின் இனப்பிளவு மடல்களின் வழியிலும் குறுக்கிட்டது. முதற்சோதனையினும் இது ஆழமானது என்பது எம் துணிபு. ஆயினும் வியப்பூட்டிய ‘ஆறு’ நிலைத்தது, வருத்தமூட்டிய ‘பதின்மூன்று’ பலரால் மறக்கப்பட்டது.

அலாஸ்கா பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஜூடித் கிளைன்பெல்டு இச்சோதனையை மீண்டும் செய்யும் எண்ணத்தோடு யேல் பல்கலைக்கழகத்தில் காக்கப்பெறும் மில்கிராமின் தாள்களைப் படித்து, 2002-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கான்சஸ் சோதனையில் தொடங்கிய மடல்கள் 60, சேர்ந்தவை மூன்று. உழவரின் நான்கு நாள் மடல் அம்மூன்றனுள் ஒன்று. அச்சில் வந்தது அம்மடலின் வரலாறு. நின்றுபோன ஐம்பத்தேழின் வரலாறு பெட்டியில் இருந்தது. செல்வராலும் இனத்தாராலும் பிளவுபட்ட உலகில் சிலர் நன்கு இணைந்தும் சிலர் தனித்தும் வாழ்வராதல் கூடும் என அவர் ஐயுற்றார்.

எனினும், வாராமை வழியின்மைக்குச் சான்று ஆகாது. மடலைப் பெற்றவர் சோம்பியிருக்கலாம். ஏமாற்று எனக் கருதியிருக்கலாம். இதனைத் தெளிவிக்க முயன்றவர் டாட்ஸ், முகமது, வாட்ஸ் என்னும் மூவர். 2003-இல் வெளியான அவர்தம் சோதனை மின்னஞ்சல் வழியே நிகழ்ந்தது. 13 நாடுகளில் குறிக்கப்பட்டோர் 18 பேர். எஸ்டோனியாவின் ஆவணக் கண்காணிப்பாளரும் ஆஸ்திரேலியக் காவலரும் இந்தியத் தொழில்நுட்ப ஆலோசகரும் அவருள் அடங்குவர். தொடங்கிய சங்கிலிகள் 24,163. முற்றுப்பெற்றவை 384. நூற்றுக்கு இரண்டும் இல்லை! மேற்செலுத்தாதவரை ஏன் என வினவியபொழுது, அனுப்பத்தக்கவர் எவரும் தோன்றவில்லை என்றவர் மிகச் சிலரே. பெரும்பாலோர்க்கு இல்லாதது வழியன்று, ஊக்கமே என ஆய்வாளர் கருதினர். அறுபட்டவற்றையும் கணக்கிற் சேர்த்து, சங்கிலியின் நடுவளவு ஐந்து முதல் ஏழு படி என மதிப்பிட்டனர்.

அச்சோதனையில் எம் கருத்தைப் பெரிதும் ஈர்த்தது வேறொன்று. முற்றுப்பெற்ற 384-இல் ஏறத்தாழப் பாதி அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரையே அடைந்தன. அவரை நெருங்குதல் எளிது எனப் பங்குகொண்டோர் எண்ணினர், எண்ணியதால் முயன்றனர், முயன்றதால் சேர்ந்தது. அரிது எனக் கருதப்பட்டவரிடம் மடல் செலுத்தவும் பலர் முற்படவில்லை. ஆதலின், ஒருவர் தொலைவில் உள்ளார் என்னும் எண்ணமே அவரைத் தொலைவில் வைக்கின்றது. சோதனை அளந்தது தொடர்பையா, நம்பிக்கையையா என்னும் வினா இங்கு எழுகின்றது.

2011-ஆம் ஆண்டு பேஸ்புக் வலையில் இருந்த 72 கோடி மக்களின் இணைப்புகளைக் கணிப்பொறி கொண்டு எண்ணிய ஆய்வாளர், இருவரிடைச் சராசரித் தொலைவு 4.74 படி எனக் கண்டனர். அங்கு மடல் இல்லை, சோம்புவாரும் இல்லை. கொள்கை மெய்ப்பட்டது எனப் பலர் எழுதினர். ஆனால் வலை முழுவதையும் மேலிருந்து காணும் கணிப்பொறி எண்ணியது, உள்ள வழிகளுள் மிகக் குறுகியதை. கான்சஸ் உழவர்க்கு அக்காட்சி இல்லை. தம் அறிமுகத்தாருள் யார் சரியானவர் என்பதனை அவர் ஊகித்தே அறிதல் வேண்டும். குறுகிய வழி உண்டு என்பது ஒன்று. தன் முற்றத்தில் நிற்பவன் அவ்வழியைக் கண்டு நடத்தல் மற்றொன்று. மில்கிராம் அஞ்சல் வழியே வினவியது பின்னதனையே.