மரங்கள் வைத்திருக்கும் குளிர்க் கணக்கு

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டைப் பனிக்கு அளித்து முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். ஆயினும் தென்னாட்டுச் சமவெளியில் அப்பனி எந்த மரத்தையும் உறங்க வைப்பதில்லை. வடக்கே வந்து குடியேறிய பின்னரே, இலை முழுவதும் உதிர்ந்து, பட்டுப்போயின போல் மாதக்கணக்கில் நிற்கும் மரங்களை நம்மிற் பலர் காண்கிறோம். அவை குளிரினால் துன்புறுகின்றன என்றும், வெயில் ஏறியதும் துன்பம் நீங்கித் துளிர்க்கின்றன என்றும் எண்ணுவது இயல்பே. உண்மை அதற்கு மாறானது. ஆப்பிள், பேரி, பீச் முதலியவற்றிற்குக் குளிர் ஒரு தேவை. அது குறைந்தாற்றான் அவை துன்புறுகின்றன. இதனை மனிதன் அறிந்துகொண்ட வரலாறும், நம் நாட்டு மலைமக்களின் பிழைப்பு இதனோடு பிணைந்த வரலாறும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கின.

நம் நாட்டு வரலாற்றை முதலிற் காண்போம். 1870ஆம் ஆண்டளவில் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் குலு பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்னுமிடத்தில் ஆப்பிள் தோட்டம் அமைத்தார். அவர் கொணர்ந்த இங்கிலாந்து வகைகள் புளிப்பு மிகுந்தவை. நம் மக்களின் நாவுக்கு உகந்த இனிய கனியைத் தந்தவர் ஸாமுவேல் எவான்ஸ் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாவில் 1882இல் பிறந்த இவர், தொழுநோயாளருக்குத் தொண்டு செய்ய 1904இல் இந்தியா வந்தார். சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கரில் குடியேறினார். 1921இல் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். இவர் 1916இல் அமெரிக்காவிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' என்னும் வகையின் கன்றுகளைத் தருவித்துக் கோட்கரில் நட்டார். அவை தழைத்தன. அக்கம்பக்கத்தாரும் நட்டனர். சில தலைமுறைகளுக்குள் அந்த மலைச்சரிவுகள் செல்வம் கொழிக்கும் பழத்தோட்டங்களாயின.

அக்கன்றுகள் அங்கே தழைத்தது ஏன்? அவ்வகை தோன்றிய இடம், கடுங்குளிருக்குப் பேர்போன அயோவா மாநிலம். கோட்கரோ ஏறத்தாழ 6,500 அடி உயரத்திலுள்ளது. மரம் தன் பிறந்தகத்திற் பழகிய நீண்ட குளிர்காலம் இங்கும் அதற்குக் கிடைத்தது. ஆனால் இக்காரணம் விஞ்ஞான முறையில் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது, ஸ்டோக்ஸ் கன்று நட்டதற்கு நான்காண்டுகள் பின்னரே.

அதனை 1920இல் எடுத்துரைத்தவர், அமெரிக்க விவசாய இலாகாவின் தாவரவியலாளர் பிரெடரிக் கோவில். அவர் புளூபெர்ரிச் செடிகளை ஆராய்ந்தவர். குளிர்காலம் முழுதும் கதகதப்பான கண்ணாடி வீட்டில் வைத்துக் காத்த செடிகள் இளவேனிலில் துளிர்க்கவில்லை; வெளியே குளிரில் விடப்பட்ட செடிகளோ துளிர்த்தன. உள்ளே நின்ற ஒரு செடியின் கிளையொன்றை மட்டும் வெளியே நீட்டி வைத்தபோது, குளிர் பட்ட அக்கிளை இலைவிட்டது. ஏனைய கிளைகள் உறங்கியே கிடந்தன. ஆக, குளிர்க் கணக்கு வேரிலோ அடிமரத்திலோ வைக்கப்படுவதன்று; ஒவ்வொரு மொட்டும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது.

இயற்கை ஏன் இவ்வாறு அமைத்தது? மார்கழியில் நான்கு நாள் வெயில் அடித்தவுடன் மரம் பூத்துவிடுமானால், தை மாதத்து உறைபனி அப்பூவனைத்தையும் கருக்கிவிடும். எனவே மரம் இரண்டு கதவுகளை வைத்துள்ளது. குறித்த அளவு குளிரைப் பெற்றபின் முதற்கதவு திறக்கும். அதன்பின் கிடைக்கும் வெம்மையே இரண்டாம் கதவைத் திறக்கும். உறங்கும் மொட்டில் உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வழிகள் அடைபட்டிருக்கின்றன என்றும், நீடித்த குளிரில் அவ்வடைப்பு நீங்குகிறது என்றும் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. மெக்ஸிகோவில் உறக்கமே அறியாத பீச் மரங்கள் உண்டு. உறக்கத்தோடு தொடர்புடைய ஆறு மரபணுக்களின் தொகுதி அவற்றிற் சிதைந்திருப்பதை 2008இல் வெளியான ஆய்வு விளக்கியது. காட்டு மரங்களிலும் பல இவ்விதிக்கு உட்பட்டவையே. ஐரோப்பாவின் பீச்சு எனும் காட்டுமரம் மிகுந்த குளிரை வேண்டி நிற்பது.

கணக்கு உண்டெனில் அளவையும் வேண்டுமன்றோ? பாரன்ஹீட் 45 டிகிரிக்குக் கீழ் நிலவும் மணி நேரங்களைக் கூட்டும் முறையைக் கையாண்டு, 1950இல் வெயின்பெர்கர் என்பவர் பீச் வகைகளின் குளிர்த்தேவையை வரையறுத்தார். டெலிஷியஸ் ஆப்பிளுக்கு அம்முறைப்படி 1,000 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 1974இல் யூட்டா மாநிலத்தார் ஒரு திருத்தம் செய்தனர்: உறைநிலைக்குச் சற்று மேலான குளிரே மிகுந்த பயன் தருவது, இடையில் வரும் வெம்மையோ சேர்த்த கணக்கைக் கழித்துவிடும்.

இக்கழித்தலே இன்று இமாசலத்துத் தோட்டக்காரரின் கவலை. அண்மைப் பத்தாண்டுகளில் அங்கே குளிர்காலம் தளர்ந்து, பனிப்பொழிவு காலம் தப்புகிறது. குளிர் போதாத மரம் உடனே பட்டுப்போவதில்லை. பூப்பது தாமதமாகும், ஒரு கிளை பூக்கையில் மறு கிளை உறங்கும். டெலிஷியஸ் வகை தன் மகரந்தத்தால் நன்கு காய்ப்பதன்று. 'கோல்டன் டெலிஷியஸ்' போன்ற பிறிதொரு வகை அருகில் அதே நாட்களிற் பூத்தாக வேண்டும். இரண்டின் பூக்காலமும் விலகிவிட்டால் மகசூல் குன்றும். குலுவின் தாழ்ந்த பகுதிகளிற் பலர் ஆப்பிளை விட்டு மாதுளைக்கு மாறினர். ஆப்பிளோ மேலேறி, லாஹூல், ஸ்பிதி போன்ற உயர்ந்த குளிர்நிலங்களை நாடுகிறது. ஆனால் மலைக்கும் ஓர் உச்சி உண்டு. எல்லாக் குடியானவர்க்கும் அங்கே நிலம் இல்லை.

மாற்று வழி, குறைந்த குளிரிலேயே நிறைவுறும் வகைகளைத் தேடுவது. இஸ்ரேலில் உருவான 'அன்னா' அத்தகையது. நம் நாட்டிலும் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா, வெப்பம் மிகுந்த தாழ்நிலத்திற் காய்க்கும் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்துப் பரப்பினார். எனினும் ஒரு பழமரம் பலன் தரச் சில ஆண்டுகளும், அப்பலன் தொடரப் பல ஆண்டுகளும் ஆகும். இன்று கன்று நடுபவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் குளிர்காலத்தை மதித்தே வகையைத் தெரிய வேண்டும். ஸ்டோக்ஸின் தலைமுறைக்குக் குளிர் கேளாமற் கிடைத்த கொடையாயிருந்தது. இனி வருவோருக்கு அது மண்ணையும் நீரையும் போல் அளந்து பார்த்துப் பயிரிட வேண்டிய பொருளாகும்.