ஒன்பது அடி தூரத்தில் எத்தனை கோடு?

போன மாதம் அம்மாவின் டிவியில் நடுவே ஒரு கறுப்புப் பட்டை விழுந்துவிட்டது. பத்து வருடம் உழைத்த 24 அங்குல எல்இடி. பட்டை விழுந்ததுகூட அம்மாவுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. "கீழே ஓடுற எழுத்துதான்டா படிக்க முடியல" என்றார். செய்தி சேனலில் அடியில் ஓடும் வரியைச் சொல்கிறார். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவர் கண் சீட்டில் 6/12 என்றுதான் எழுதியிருக்கிறது.

கடைக்குப் போனேன். விற்பனைத் தம்பி ஒரு 43 அங்குலப் பெட்டியின் முன் நிறுத்தினார். "இப்ப யாரு சார் ஃபுல் ஹெச்டி வாங்குறா? இது 4கே. நாலு மடங்கு கிளியர்." முக்கால் அடி தள்ளி நின்று பார்த்தால் உண்மையிலேயே அற்புதமாக இருந்தது. ஆனால் அம்மா முக்கால் அடியில் உட்காருவதில்லையே! கட்டிலிலிருந்து சுவர் வரை ஒன்பது அடி.

வாங்காமல் திரும்பி வந்தேன். இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

'உயர் தெளிவு' என்று முதலில் சொன்னது எதை?

1926 ஜனவரி 26 அன்று லண்டனில் ஜான் லோகி பெயர்ட் தன் தொலைக்காட்சியை அறிஞர்களுக்குக் காட்டினார். படம் முழுவதும் 30 கோடுகள். ஒரு முகம் முகம் என்று தெரியும், அவ்வளவுதான்.

1935-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த செல்ஸ்டன் குழு, இனி பொது ஒளிபரப்பு 'உயர் தெளிவு' கொண்டதாக இருக்க வேண்டும் என்றது. அந்த உயர் தெளிவுக்கு அவர்கள் வைத்த குறைந்தபட்ச அளவு 240 கோடுகள்! இன்று கடையில் ஒட்டியிருக்கும் ஹெச்டி என்ற சொல்லுக்கு வயது தொண்ணூறு. அது பிறந்தபோது இன்றைய மலிவான செல்போன் திரையைவிட மங்கலான படத்தைத்தான் குறித்தது.

1936 நவம்பர் 2 அன்று பிபிசி அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயர்ட் முறையின் 240 கோடுகளும் மார்கோனி-இஎம்ஐ முறையின் 405 கோடுகளும் வாரம் மாற்றி வாரம் ஓடின. சில மாதங்களிலேயே, 1937 பிப்ரவரியில், பெயர்ட் முறை கைவிடப்பட்டது. அந்த 405 கோடு பிரிட்டனில் 1985 ஜனவரி வரை உயிரோடு இருந்தது.

அதென்ன 405? 400 என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே? ஒற்றைப்படைக் கோடுகளை முதலிலும் இரட்டைப்படைக் கோடுகளை அடுத்தும் வரைந்து, இரண்டு பாதிப் படங்களைப் பின்னி ஒரு முழுப்படம் ஆக்கும் முறை அது. இரண்டு பாதியும் ஒழுங்காகப் பின்ன வேண்டுமானால் மொத்தக் கோடுகள் ஒற்றைப்படையாக இருப்பது வசதி. அன்றைய வால்வு சுற்றுகளுக்குச் சிறிய எண்களால் வகுப்பதுதான் எளிது. 3, 3, 3, 3, 5 ஆகியவற்றைப் பெருக்கிப் பாருங்கள், 405 வரும். 1941-இல் அமெரிக்கா எடுத்துக்கொண்ட 525 என்பது 3, 5, 5, 7. பிறகு ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் நிலைத்த 625 என்பது நான்கு ஐந்துகளின் பெருக்கல். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியபோது வந்த படமும் இந்த 625 கோட்டுப் படம்தான். அதில் கண்ணுக்குத் தெரிவது 576. மிச்சம் ஒளிக்கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்துக்குப் போய்விடும்.

பிரான்ஸ் மட்டும் தனி வழி போனது. 1948-இல் 819 கோடுகள் என்று அரசாணையே போட்டார்கள். அன்று உலகிலேயே கூர்மையான ஒளிபரப்பு அதுதான். ஆனால் அத்தனை கோட்டையும் அனுப்ப அலைவரிசையில் நிறைய இடம் வேண்டும். 1964-இல் இரண்டாவது சேனல் தொடங்கியபோது பிரான்ஸும் 625-க்கு இறங்கி வந்துவிட்டது. பெரிய எண் வைத்திருந்தவர் ஜெயிக்கவில்லை.

நாற்காலியிலிருந்து தொடங்கிய கணக்கு

இதுவரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'இந்தக் கருவியால் எத்தனை கோடு அனுப்ப முடியும்?' 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்தபின் ஜப்பானின் என்ஹெச்கே வேறு கேள்வி கேட்டது: 'பார்ப்பவர் அந்த இடத்திலேயே இருப்பதுபோல உணர, படம் அவர் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும்?'

ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். சுமார் 30 டிகிரி அகலம் என்று விடை வந்தது. அதாவது, படத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து கோடு தனியாகத் தெரியாமல் இருக்க ஆயிரத்துக்கு மேல் கோடுகள் வேண்டும். அவர்கள் எடுத்தது 1125. பழைய 525, 625 இரண்டோடும் சேர்த்து மூன்றுமே 25-ஆல் வகுபடும்: 21, 25, 45. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற அது உதவும்.

இன்றைய 1920 × 1080-க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1982-இல் டிஜிட்டல் வீடியோவுக்கு உலக அளவில் ஒத்துக்கொண்ட அளவு, ஒரு கோட்டுக்கு 720 புள்ளிகள். தெளிவை இரட்டிப்பாக்கினால் 1440. திரையை 4:3-இலிருந்து 16:9-க்கு அகலமாக்கினால் 1920. புள்ளி சதுரமாக இருக்க வேண்டும் என்றால் உயரம் 1080.

இங்கே கண் மருத்துவரின் அட்டை நினைவுக்கு வருகிறது. 1862-இல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் கொண்டுவந்தது. 6/6 கண் என்றால், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்துப் பார்க்கும் கண். அதை வைத்துக் கணக்குப் போட்டேன். 1080 கோடுகள் தனித்தனியாகத் தெரியாமல் போவது படத்தின் உயரத்தைப் போல 3.2 மடங்கு தூரத்தில். ஜப்பானியர் சொன்ன மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

இதே கணக்கில் 4கே திரையின் 2160 கோடுகளுக்கு 1.6 மடங்கு. 8கே-வுக்கு 0.8. நான் தேடியதிலேயே முக்கியமான விஷயமாக இதைத்தான் நினைக்கிறேன். கே கூடுவது அதே நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் தெளிவாகப் பார்க்க அல்ல. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட, அல்லது சுவர் நிறையப் படம் பார்க்க.

கோடு போய் புள்ளி வந்த கதை

பழைய கண்ணாடிக் குழல் டிவி வாங்கப் போனவர்கள் யாரும் எத்தனை கோடு என்று கேட்கவில்லை. கோடு ஒளிபரப்புக்குச் சொந்தமானது. நாடு முழுவதும் ஒரே எண். தட்டைத் திரை வந்தபிறகு புள்ளி பெட்டிக்குச் சொந்தமாகிவிட்டது. எண்ணைக் காட்டி விற்க முடிந்தது அப்போதுதான்.

அம்மாவின் பழைய டிவி 1366 × 768. இந்த விசித்திர எண், கணினித் திரையின் 1024 × 768-ஐ 16:9-க்கு இழுத்ததால் வந்தது. எந்த ஒளிபரப்பும் அந்த அளவில் வருவதில்லை. வந்த படத்தையெல்லாம் டிவி நீட்டியோ சுருக்கியோதான் காட்டும்.

அடுத்து பெயரிலேயே ஒரு வித்தை நடந்தது. 405, 625, 1080 எல்லாம் உயரத்தை எண்ணிய எண்கள். 4கே மட்டும் அகலத்தை எண்ணுகிறது. அந்தப் பெயர் சினிமாவிலிருந்து வந்தது, அங்கே 4096. வீட்டு டிவியில் 3840-தான். பழைய வழக்கப்படி சொன்னால் 1080-க்கு அடுத்தது 2160. 'இரண்டு மடங்கு' என்றுதான் காதில் விழும். 'நாலு மடங்கு' என்பதும் பொய்யில்லை. மொத்தப் புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 83 லட்சம் ஆகின்றன. ஆனால் அம்மா பார்ப்பது பெரும்பாலும் 720 × 576 அளவில் வரும் சாதாரண சேனல்கள். அதில் 4.15 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல இருபது மடங்கு. அதாவது, இருபது புள்ளியில் பத்தொன்பதை டிவியே ஊகித்து நிரப்புகிறது!

அம்மாவின் கணக்கு

ஒன்பது அடி என்றால் 274 சென்டிமீட்டர். 43 அங்குல டிவியின் உயரம் சுமார் 53.5 செ.மீ. கட்டில் ஐந்து மடங்கு தூரத்தில் இருக்கிறது. 6/6 கண்ணுக்கே 3.2 மடங்குக்கு அப்பால் ஃபுல் ஹெச்டியும் 4கே-வும் ஒன்றுதான். அம்மாவின் 6/12 கண்ணுக்குத் தேவை அதிலும் பாதி. படத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்தாலே பழைய 576 கோடு அவருக்குப் போதும்.

அப்படியானால் ஓடும் எழுத்து ஏன் தெரியவில்லை? ஸ்கேல் எடுத்துப் போய் பழைய டிவியில் அளந்தேன். எழுத்தின் உயரம் 0.9 செ.மீ. 6/12 கண் ஒன்பது அடியிலிருந்து அட்டையில் ஓர் எழுத்தை அடையாளம் காணவே 0.8 செ.மீ. வேண்டும். அதுவும் அசையாமல் நிற்கும் ஆங்கில எழுத்து. நம் 'ணை'யும் 'ளூ'வும் சுழித்துக்கொண்டு ஓடினால்? இத்தனை நாள் அம்மா பாதியைப் படித்து, மீதியை ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. "கண்ணாடிய மாத்தும்மா" என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வேண்டியது நுணுக்கமான புள்ளி அல்ல, பெரிய எழுத்து. 43 அங்குலத்தில் அந்த எழுத்து 1.6 செ.மீ. ஆகும். 55 அங்குலத்தில் 2.1.

மறுபடி கடைக்குப் போனேன். அதே தம்பி. அவர் காட்டிய 43 அங்குல உயர்ரக மாடலின் விலைக்குப் பக்கத்திலேயே, அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு 55 அங்குலம் இருந்தது. அதுவும் 4கே-தான்; இந்த அளவில் 4கே இல்லாமல் வாங்குவதுதான் இன்று கஷ்டம். "படம் கொஞ்சம் சாஃப்டா இருக்கும் சார்" என்று எச்சரித்தார். எனக்கு அப்படித்தான் தெரிகிறது; சாதாரண சேனல் போட்டால் முகங்கள் மெழுகு பூசியதுபோல இருக்கின்றன. அம்மாவுக்கு அது தெரிவதில்லை.

நீங்கள் டிவி வாங்கப் போவதாக இருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு டேப் எடுத்து அளந்துகொள்ளுங்கள். உட்காரும் இடத்திலிருந்து சுவர் வரை எவ்வளவு, பார்க்கப்போவது யார், அவர் கண் சீட்டில் என்ன எண். இந்த மூன்றும் பெட்டியில் ஒட்டியிருக்காது.

நேற்று ஃபோன் செய்தபோது அம்மா, "நாளைக்கு உங்க ஊர்ல மழையாமே, கீழ ஓடிச்சு" என்றார்.