டூனா மெல்ட் சாண்ட்விச்சின் வரலாறு

டூனா மெல்ட் என்பது டின்னில் அடைத்த சூரை மீனை மயோனைஸுடன் பிசைந்து, ரொட்டித் துண்டின் மேல் பரப்பி, அதன்மீது சீஸ் வைத்து, அந்தச் சீஸ் உருகும்வரை சூடாக்கி உண்ணும் அமெரிக்கச் சாண்ட்விச் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மதிய உணவுக் கடைகளில் பரவிய இது, இன்று ஏர் ஃபிரையரில் எட்டு நிமிடத்துக்குள் செய்துவிடக்கூடிய சிற்றுண்டியாகி இருக்கிறது. இதில் சமைப்பவருக்கு உள்ள வேலை மிகக் குறைவு. மீன் முன்பே வெந்து, முள் நீக்கப்பட்டு வருகிறது. ரொட்டி முன்பே வெட்டப்பட்டிருக்கிறது. சீஸ் உருகுவதற்கென்றே தயாரிக்கப்பட்டது. சமையலறையில் மிச்சமாகும் நேரம் அனைத்தும் வேறோர் இடத்தில் வேறு சிலர் செலவழித்த நேரம். அவர்களுள் பெரும்பங்கு ஆற்றியவர்கள் கலிபோர்னியாவில் குடியேறிய ஜப்பானிய மீனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். அவர்களுடைய ஊர் இன்று இல்லை.

டின்னுக்குள் வந்த மீன்

உணவைக் கலத்தில் அடைத்து, மூடி, கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்பதைப் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் 1810-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகரக் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். மத்தியதரைக் கடலோர நாடுகளில் சூரை மீனை எண்ணெயிலிட்டு டின்னில் அடைக்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டிலேயே வளர்ந்துவிட்டது. சிசிலியை அடுத்த ஃபவிக்னானா தீவில் ஃபுளோரியோ குடும்பத்தார் நடத்திய ஆலை அவற்றுள் புகழ்பெற்றது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பலருக்குச் சூரை உணவு மீனாகவே தெரியாது. கலிபோர்னியாவின் காட்டலினா தீவில் செல்வர்கள் அதைத் தூண்டிலிட்டுப் பிடித்துப் பொழுதுபோக்கினர். அதற்கென 1898-இல் ஒரு சங்கமும் தொடங்கினர். பிடித்ததைப் படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, விரும்பிச் சமைத்தவர் குறைவு. அதன் சிவந்த, எண்ணெய்ப் பசையுள்ள சதை அவர்கள் நாக்குக்கு ஒத்துவரவில்லை.

மாற்றம் ஒரு பற்றாக்குறையால் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சான் பெட்ரோ துறைமுகத்தில் ஆல்பர்ட் ஹாஃப்ஹில் என்பவரின் நிறுவனம் மத்தி மீனை டின்னில் அடைத்து விற்றது. 1903-இல் மத்தி சரியாக அகப்படவில்லை. வெறுமனே கிடந்த ஆலையில் அல்பகோர் என்னும் சூரை வகையை ஆவியில் வேகவைத்துப் பார்த்தனர். வெந்த சதை வெளுத்து, கோழிக்கறி போல நார்நாராகப் பிரிந்தது. சோதனையாக 700 பெட்டிகள் அடைக்கப்பட்டன. மீனை மீனாக விற்காமல், கோழியின் உறவுக்காரனாக விற்கலாம் என்று வணிகர்கள் கண்டுகொண்டனர். பிற்காலத்தில் ஒரு நிறுவனம் ‘கடற்கோழி’ என்று பொருள்படும் பெயரையே தன் வணிகப் பெயராக வைத்துக்கொண்டது. முதல் உலகப்போரின்போது இறைச்சியைக் குறைத்து உண்ணுமாறு அமெரிக்க அரசு மக்களைக் கேட்டுக்கொள்ள, டூனா டின்னின் விற்பனை பெருகியது.

டெர்மினல் தீவு

ஆலைகள் பெருகின, ஆனால் அல்பகோரைத் திரளாகப் பிடிக்கத் தெரிந்தவர்கள் கலிபோர்னியாவில் அதிகம் இல்லை. அந்த வேலைக்கு வந்தவர்கள் ஜப்பானியர்கள். குறிப்பாக வக்கயாமா மாகாணக் கடற்கரையைச் சேர்ந்த மீனவர்கள். மூங்கில் கழி, கயிறு, முள் எதிர்க்கொக்கி இல்லாத தூண்டில் ஆகியவையே அவர்கள் கருவிகள். உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வாரி இறைத்தால் சூரைக் கூட்டம் வெறிகொண்டு படகைச் சுற்றும். அப்போது தூண்டிலை வீசி, கடித்த மீனைத் தலைக்கு மேலாகப் பின்னால் எறிவார்கள். எதிர்க்கொக்கி இல்லாததால் மீன் தானாகக் கழன்று படகின் தளத்தில் விழும். தூண்டில் மறுகணமே நீருக்குத் திரும்பும். மீன் பெரிதானால் ஒரே தூண்டிலை இருவர் இரு கழிகளால் தூக்குவர்.

இந்த முறை ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. மாலத்தீவிலும் இலட்சத்தீவின் மினிக்காயிலும் இதே போன்ற கழித்தூண்டில் முறை நெடுங்காலமாக உண்டு. அங்கே பிடிபடும் சூரைதான் வெந்து, புகையூட்டப்பட்டு, காய்ந்து மாசியாகி இலங்கைத் தமிழர் வீட்டுச் சம்பலுக்கு வருகிறது. டின் இல்லாமலே மீனைக் கெடாமல் வைக்கும் வழி அது.

சான் பெட்ரோவை ஒட்டிய டெர்மினல் தீவில் ஆலைகளுக்கு அருகிலேயே அம்மீனவர்கள் குடியேறினர். வீடுகள் பெரும்பாலும் ஆலை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. 1940 அளவில் அங்கே ஏறத்தாழ 3,000 ஜப்பானியர் வாழ்ந்தனர். கோயில், தேவாலயம், கடைகள், பேஸ்பால் அணி எல்லாம் இருந்தன. வக்கயாமாப் பேச்சுவழக்கும் ஆங்கிலமும் கலந்த தனிப்பேச்சு ஒன்று உருவாகியிருந்தது.

ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் ஆலைக்குப் போயினர். ஒவ்வோர் ஆலைக்கும் தனித்தனி ஊதல் ஒலி உண்டு. படகு மீனோடு வந்ததும் ஊதல் எழும். அது பகலா நள்ளிரவா என்ற கணக்கில்லை. தம் ஆலையின் ஒலியைக் காதால் அடையாளம் கண்டு பெண்கள் எழுந்து ஓடுவர். ஆவியில் வெந்து ஆறிய மீனின் தோலை உரித்து, முள்ளை எடுத்து, கருஞ்சதையைச் சுரண்டி விலக்கி, வெள்ளைச் சதையை மட்டும் டின்னில் அடுக்குவது அவர்கள் வேலை. விலக்கிய கருஞ்சதை பூனை உணவாயிற்று. டின் மூடப்பட்டபின் அழுத்தக் கொதிகலனில் மீண்டும் வேகும். டூனா டின்னைத் திறந்ததும் உண்ண முடிவது இப்படி இருமுறை வெந்ததாலும், இடையில் அந்தக் கைகள் புகுந்து வந்ததாலும்தான்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. டெர்மினல் தீவு கடற்படைத் தளத்தின் அருகில் இருந்தது. அடுத்த சில வாரங்களில் ஜப்பானில் பிறந்த மீனவர்களைக் கூட்டாட்சிக் காவல்துறையினர் கைதுசெய்து கொண்டுபோயினர். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். பிப்ரவரி 25 அன்று தீவிலிருந்த குடும்பங்களுக்கு 48 மணி நேரம் தரப்பட்டது. கணவர்கள் சிறையில் இருக்க, பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் கையில் கிடைத்ததைக் கட்டினர். தட்டுமுட்டுப் பொருள்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போக வெளியாட்கள் வண்டிகளோடு வந்து நின்றனர். பலர் மான்சனார் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. போர் முடிந்து திரும்பியவர்களுக்குப் போய்ச் சேர வீடும் இல்லை, தெருவும் இல்லை.

கடலுக்குத் திரும்பவும் தடை இருந்தது. ஜப்பானியருக்கு மீன்பிடி உரிமம் இல்லை என்று 1943-இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. 1945-இல் அதைக் ‘குடியுரிமை பெறத் தகுதியற்றவர்களுக்கு’ உரிமம் இல்லை என்று சொல்மாற்றிக்கொண்டது. ஜப்பானில் பிறந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற அன்றைய சட்டத்தில் வழியே இல்லாததால் இரண்டும் ஒன்றுதான். 1915 முதல் 1942 வரை உரிமத்தோடு மீன்பிடித்த டோராவ் தக்காஹாஷி இதை எதிர்த்து வழக்கிட்டார். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முகாம்களில் இருந்தவர்களுள் அப்போது உயிரோடு இருந்தோருக்குத் தலைக்கு 20,000 டாலர் இழப்பீடும் மன்னிப்பும் வழங்கும் சட்டம் 1988-இல்தான் வந்தது. தீவில் அம்மீனவர்களுக்கான நினைவுச்சின்னம் 2002-இல் எழுப்பப்பட்டது.

ரொட்டி, மயோனைஸ், சீஸ்

சாண்ட்விச்சின் மற்ற மூன்று பொருள்களும் இதே காலத்தில் ஆலைப் பண்டங்களாயின. நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல்மன் 1912-இல் மயோனைஸைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். ஓட்டோ ரோவெட்டர் வடிவமைத்த எந்திரத்தில் வெட்டிய ரொட்டி 1928 ஜூலை 7 அன்று மிசூரி மாநிலத்தின் சில்லிகாத்தி ஊரில் விற்பனைக்கு வந்தது. மக்கள் அதற்கு எவ்வளவு பழகினர் என்றால், போர்க்காலச் சிக்கனம் கருதி 1943 ஜனவரியில் வெட்டிய ரொட்டிக்கு விதித்த தடையை அரசு மார்ச் மாதமே விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

சீஸ் பற்றிச் சற்று விளக்க வேண்டும். நாள்பட்ட சீஸைச் சூடாக்கினால் புரதம் இறுகி, கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து வழியும். 1911-இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கெர்பரும் ஃபிரிட்ஸ் ஸ்டெட்லரும் சீஸுடன் சிட்ரேட் உப்பைச் சேர்த்து உருக்கினர். அந்த உப்பு சீஸிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொள்கிறது. கட்டுத் தளர்ந்த புரதம் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் எத்தனை முறை சூடாக்கினாலும் சீராக உருகுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்கு 1916-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் 1950-இல் வெட்டிய சீஸ் துண்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

யாருடைய மேசை

டூனா சாண்ட்விச் அமெரிக்காவில் மருந்துக்கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் இருந்த மதிய உணவு மேசைகளில் வளர்ந்தது. மலிவு ஒரு காரணம். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்த்த கத்தோலிக்கர்கள் இன்னொரு காரணம். அதன்மேல் சீஸை உருக்கியது யார் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: 1960-களில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து வுல்வொர்த் கடையில், சீஸ் சாண்ட்விச் வெந்துகொண்டிருந்த தட்டின்மேல் டூனாக் கிண்ணம் தவறிக் கவிழ்ந்ததாம். சமையல் கதைகளில் கிண்ணங்கள் கவிழ்ந்துகொண்டேதான் இருக்கும். வெந்த சீஸ் சாண்ட்விச்சும் டூனாவும் ஒரே அடுப்படியில் பல ஆண்டுகள் இருந்தபின் அவை சேர விபத்து தேவைப்பட்டிருக்காது.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடமும் காலமும்தான் கவனிக்கத்தக்கவை. அன்று தென் மாநிலங்களில் இத்தகைய கடைகள் கறுப்பின மக்களுக்குப் பொருள் விற்கும். உணவு மேசையில் உட்கார விடமாட்டா. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்து வுல்வொர்த் மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து எழ மறுத்தனர். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, சார்ல்ஸ்டன் நகரத்து கிரெஸ் கடையில் பர்க் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 24 பேர் அதையே செய்து கைதாயினர். கிரீன்ஸ்பரோ மேசை அந்த ஜூலையில் எல்லோருக்கும் திறந்தது.

வலையும் ஓங்கிலும்

1950-களில் கழித்தூண்டிலின் இடத்தைச் சுருக்குவலை பிடித்தது. வலையை நைலானிலும், அதை இழுப்பதை எந்திரக் கப்பியிலும் செய்தபின் ஒரே வளைப்பில் ஒரு கூட்டம் முழுவதையும் அள்ள முடிந்தது. கிழக்குப் பசிபிக்கில் மஞ்சள் துடுப்புச் சூரை ஓங்கில்களுக்கு, அதாவது டால்பின்களுக்கு, அடியில் நீந்தும். எனவே ஓங்கிலைக் கண்ட இடத்தில் வலையை வளைத்தனர். இவ்வாறு மாண்ட ஓங்கில்கள் 60 இலட்சத்துக்கும் மேல் என்பது அமெரிக்க அரசு மீன்வளத்துறையின் மதிப்பீடு. 1972-இல் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990-இல் பெரிய டூனா நிறுவனங்கள் ஓங்கில்களை வளைத்துப் பிடித்த மீனை வாங்குவதில்லை என அறிவித்தன. ஆலைகளோ மலிவான கூலி தேடிச் சமோவாவுக்கும் தாய்லாந்துக்கும் போயின. டெர்மினல் தீவின் கடைசிப் பெரிய ஆலை 2001-இல் மூடப்பட்டது.

ஏர் ஃபிரையர்

விசிறியால் வெப்பக் காற்றைச் சுழற்றிச் சூடாக்கும் எண்ணமும் போர்க்காலத்தது. உறைந்த உணவுத் தட்டுகளை விமானத்தில் சூடாக்க வில்லியம் மேக்சன் 1945-இல் இத்தகைய சிற்றடுப்பை உருவாக்கினார். மேசைமேல் வைக்கும் இன்றைய வடிவம் நெதர்லாந்தின் ஃபிரெட் வான் டெர் வெய் வடிவமைத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் அதை அறிமுகம் செய்தது. ஃபிரையர் என்ற பெயர் இருந்தாலும் இதில் பொரிப்பது ஏதும் நடப்பதில்லை. மேலே சூடான கம்பிச்சுருள், அதன்மேல் விசிறி, கீழே துளையுள்ள கூடை, அவ்வளவுதான். வேகமான காற்று ரொட்டியின் மேலுள்ள ஈரக்காற்றைத் தள்ளிவிடுவதால் மேற்பரப்பு விரைவில் காய்ந்து சிவக்கிறது.

டூனா மெல்ட் செய்யும்போது இந்த விசிறியைத்தான் கவனிக்க வேண்டும். மேல்ரொட்டி இலேசானது, காற்று அதைத் தூக்கிவிடும், சீஸ் பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிக் கருகும். அதனால் மேல்ரொட்டியை ஒரு பல்குச்சியால் குத்தி நிறுத்துவது வழக்கம். டின்னின் நீரை அல்லது எண்ணெயை நன்றாகப் பிழிந்துவிட்டு, ரொட்டி கட்டியாகப் பிடிக்குமளவுக்கு மட்டும் மயோனைஸ் சேர்க்கிறார்கள். டூனாவுக்கு மேலும் கீழும் சீஸ் வைத்தால் ஈரம் ரொட்டியில் இறங்காது. ரொட்டியின் வெளிப்புறம் வெண்ணெய் தடவி 180 முதல் 190 பாகை செல்சியஸில் ஆறு முதல் எட்டு நிமிடம், இடையில் ஒருமுறை திருப்பினால் போதும். அல்பகோர் டின்னில் பாதரசம் ஸ்கிப்ஜாக் வகையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்கிப்ஜாக் டின்னே பரிந்துரைக்கப்படுகிறது. 1903-இல் வெள்ளை என்பதற்காக விலைபோன மீன் அல்பகோர். இன்று பெரும்பாலான டின்களில் இருப்பது நிறம் சற்று மங்கிய ஸ்கிப்ஜாக்.