நிறம் சொன்ன கணக்கு

நீரை அளப்பது என்றதும் நம் நினைவுக்கு வருவன மழைமானியும் அணையின் அளவுகோலுமே. நீருக்குள் கரைந்திருப்பதை மனிதர் அளக்கக் கற்ற வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் அந்த வரலாறு ஏட்டில் எழுதப்படுவதற்கு முன்பே குழந்தைகளின் பற்களில் எழுதப்பட்டுவிட்டது.

இப்பகுதியின் நிலத்தடி கருங்கல்லும் நைஸ் பாறையும். அவற்றிலுள்ள அபிரகம், அப்படைட், ஃப்ளோரைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்ல மெல்ல நீரில் இறங்குகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீராக இருந்தால் இன்னும் தாராளமாக இறங்குகிறது. திறந்த கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீர் நம் குடத்துக்கு வந்து சேர்ந்தது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்துப் பொங்கும்போதெல்லாம் புகைப்படக்காரர்கள் ஓடி வருகிறார்கள். பெங்களூருவின் கழிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஃப்ளோரைடு நுரைப்பதில்லை. எனவே அதைப் பார்க்க அளவை ஒன்றுதான் வழி.

அந்த வழி திறந்தது 1931-இல். அமெரிக்காவில் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில், பற்களில் பழுப்புக் கறை படிந்த மக்கள் வாழ்ந்த ஆர்கன்சாஸ் ஊரொன்றின் நீரை நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்து, எவரும் தேடாத ஃப்ளோரைடைக் கண்டார். ஆறே ஆண்டுகளில் அச்செய்தியின் இந்திய அத்தியாயம் எழுதப்பட்டது. 1937-இல் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் எலும்பும் பல்லும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் எழுதிய கட்டுரை நம் நாட்டில் இந்நோயின் முதல் பதிவாகக் கொள்ளப்படுகிறது. முதுகு வளைந்த மனிதர்களை ஊரார் அதற்கு முன்பும் கண்டிருப்பார்கள். குடிநீரோடு அவ்வளைவைச் சேர்த்துக் கட்டியது அளவைதான்.

அளந்த விதம் எளிமையானது, அழகானது என்றுகூடச் சொல்லலாம். சிர்க்கோனியமும் ஒரு சாயமும் கைகோத்துச் சிவந்திருக்கும். நீரிலுள்ள ஃப்ளோரைடு வந்து சிர்க்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, சாயத்தின் சிவப்பு மஞ்சளை நோக்கி நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று கண் சொல்ல வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். நீரில் அலுமினியம் இருந்தால் அது ஃப்ளோரைடைக் கட்டி வைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். பாஸ்பேட்டும் சல்பேட்டும் கூட்டிக் காட்டும். குழாய் நீரின் குளோரின் சாயத்தையே வெளுத்துவிடும். ஆகவே ஆய்வகங்கள் நீரை முதலில் வாலைவடித்துப் பிறகு அளந்தன. 1966-இல் ஃபிராண்ட், ராஸ் என்ற இருவர் லாந்தனம் ஃப்ளோரைடுப் படிகத்தால் ஆன மின்முனையைக் கொண்டுவந்த பின்னர் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த மின்முனையும் கட்டுண்ட ஃப்ளோரைடைக் காணாது. அதனை விடுவிக்கும் கரைசலைச் சேர்த்த பின்னரே அதன் சொல்லை நம்பலாம்.

ஆய்வகம் இருப்பது நகரத்தில், கிணறு இருப்பதோ தேன்கனிக்கோட்டைக்கு அப்பால். 2006-இல் மத்திய அரசு ஊரகக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊராட்சிகளின் கையிலேயே சோதனைப் பெட்டியைக் கொடுப்பது என முடிவாயிற்று. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் அத்தகைய பெட்டி ஒன்றை உருவாக்கியது. சில சொட்டு மருந்து, ஒரு சிறு குப்பி, ஒரு வண்ண அட்டை. வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அவர்களுடைய அமோனியாச் சோதனையும் நிறமாற்றத்தை நம்பியதே. மீன் வளர்ப்பவர் அறிந்த உண்மை ஒன்றுண்டு: அட்டை காட்டும் எண் தனியாக ஒன்றும் சொல்வதில்லை. ஒரே அளவு அமோனியாவில், 25 பாகை வெப்பத்தில், நீரின் பி.எச். 7 என்றால் மீனைக் கொல்லும் பங்கு நூற்றுக்கு அரைதான், பி.எச். 8 என்றால் ஐந்துக்கும் மேல். நிறம் ஒன்றே, விளைவு பத்து மடங்கு.

அங்கே பிழைத்தால் போவது மீன். இங்கே? இந்தியத் தர நிர்ணயம் ஃப்ளோரைடுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. 1.3-ஐயும் 1.7-ஐயும் மாலை வெளிச்சத்தில் ஒரு வண்ண அட்டை பிரித்துக் காட்டும் என நாம் எதிர்பார்க்க முடியாது. கிணற்றின் தலைவிதியோ அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எனாமல் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் குடித்த நீர் பல்லில் இட்ட கறை பிறகு தானாக மறைவதில்லை. பெட்டியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அது ஒரு சல்லடை. மிகுதியாக இருப்பதைப் பிரித்துக் காட்டும், ஐயத்துக்குரியதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும். சல்லடையில் நின்றதைத் தராசில் நிறுத்தது போலப் பதிவேட்டில் எழுதுவதுதான் தவறு. மழைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணற்றின் எண் மாறும் என்பதையும் ஒற்றைப் பதிவு மறைத்துவிடுகிறது.

தீர்வு பாறையைத் தாண்டி ஆற்றிலிருந்து வந்தது. ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2008-இல் எல்லைக்கு இருபுறமும் அனலைக் கிளப்பியது. கர்நாடகத்தில் போராட்டங்கள் நடந்தன, திட்டம் சிறிது காலம் நிறுத்தியும் வைக்கப்பட்டது. 2013-இல் நீர் வந்தது. அக்கூச்சலில் அரசியல் மட்டுமே பலருக்குக் கேட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு நோயைத் தணித்தல் என்ற நோக்கமும் இருந்ததை நினைவில் வைத்திருப்போர் குறைவு. காவிரி நீர் போதாத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஏற்றப்படுமானால், கலவையின் எண் என்ன என்பதை அந்தச் சிறு குப்பிதான் மறுபடியும் சொல்லியாக வேண்டும்.