கராத்தே கிளாஸில் ஏன் எல்லாமே ஜப்பான் மொழி? ‘யாமே’ முதல் ‘ஷோடான்’ வரை... அர்த்தம் இதுதான்!

கராத்தே வகுப்பில் சேர்ந்த ஒரே வாரத்தில், “இச்சி, நி, சான், ஷி” என்று எண்ணிக்கொண்டே சோபாவை எட்டி உதைக்கும் பிள்ளைகள் பல வீடுகளில் உண்டு. “ஒண்ணு, ரெண்டுன்னு தமிழ்லயே எண்ணக் கூடாதா?” என்று பெற்றோர் கேட்பதும் நியாயம்தான்.

தாராளமாக எண்ணலாம். ஆனால் மதுரையில் கற்றவர் நாளைக்கு ஒசாகாவிலோ பாரிஸிலோ ஒரு டோஜோவில் போய் நின்றாலும், மாஸ்டர் சொல்லும் கட்டளை அவருக்குப் புரிய வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் உலகம் முழுக்க இந்தச் சொற்களை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

பெயரே மாறிய கதை

கராத்தே பிறந்தது ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவில். அங்கே இதற்கு வெறும் ‘தே’ என்றுதான் பெயர். ‘கை’ என்று அர்த்தம். சீனத்தின் தாக்கம் அதிகம் என்பதால் ‘சீனக் கை’ என்று பொருள்படும் எழுத்துகளாலும் எழுதினார்கள். 1922இல் ஒகினாவா ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின் டோக்கியோவில் இதைச் செய்து காட்டினார். பிறகு 1930களில் சீனாவுடன் ஜப்பானுக்குப் பகை முற்றிய நேரம். சீனாவைக் குறித்த அந்த முதல் எழுத்தை எடுத்துவிட்டு, அதே ‘கரா’ ஒலி கொண்ட ‘வெறுமை’ என்ற எழுத்தை வைத்தார்கள். உச்சரிப்பு அப்படியே இருக்க, அர்த்தம் மட்டும் ‘வெறுங்கை’ ஆனது. 1936 அக்டோபர் 25 அன்று நாஹா நகரில் கூடிய ஒகினாவா ஆசிரியர்களும் இந்தப் பெயரை ஏற்றார்கள். அந்த நாளைத்தான் ஒகினாவாவில் ‘கராத்தே தினம்’ என்று கொண்டாடுகிறார்கள்.

பயிற்சி நடக்கும் இடம் ‘டோஜோ’. வழியைக் கற்கும் இடம் என்று பொருள். ‘சென்செய்’ என்றால் நேரடியாக ‘முன்னே பிறந்தவர்’. ஆசிரியரை மரியாதையாக அழைக்கும் சொல். ஜப்பானில் யாரும் தன்னைத் தானே சென்செய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, மறைந்த ஹுசைனி மூலமாகத் தமிழ்நாட்டுக்கே பழக்கமான ‘ஷிஹான்’. அது பெயர் இல்லை, மூத்த ஆசிரியருக்கான பட்டம்.

பெயரைப் பிரித்தால் அடி புரியும்

‘கிஹோன்’ அடிப்படைப் பயிற்சி. ‘கட்டா’ எதிராளி இருப்பதாக நினைத்துத் தனியாகச் செய்யும் வரிசை. ‘குமிதே’ இருவர் மோதும் பயிற்சி. இந்த மூன்றுக்குள்தான் மற்ற எல்லாமே.

நீளமான பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ‘ஜோடான்’ என்றால் தலை உயரம், ‘சூடான்’ நடு உடம்பு, ‘கெடான்’ இடுப்புக்குக் கீழே. ‘மே’ முன்பக்கம், ‘கெரி’ உதை. அப்போ ‘சூடான் மே-கெரி’? வயிற்று உயரத்தில் முன்னோக்கி விடும் உதை. அவ்வளவுதான்.

தனியாக வந்தால் குத்துக்கு ‘ட்சுகி’ என்று பெயர். இன்னொரு சொல்லோடு சேர்ந்தால் ‘ஓய்-ஜுகி’ என்று ஒலி மாறிவிடும். தமிழில் ‘பக்கம்’ என்பதில் வல்லினமாக ஒலிக்கும் ககரம் ‘தங்கம்’ என்பதில் மெலிந்து ஒலிக்கிறதே, கிட்டத்தட்ட அதே மாதிரி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரும்.

‘உகே’ என்பதைத்தான் பலரும் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வகுப்பில் ‘பிளாக்’ என்று சொல்லித் தருவார்கள். ஆனால் அந்தச் சொல்லின் வேர் ‘வாங்கிக்கொள்வது’. வரும் அடியைச் சுவர் மாதிரி நின்று மோதித் தடுக்காமல், வாங்கித் திசை திருப்ப வேண்டும். இது புரியாமல் எலும்போடு எலும்பை மோதவிட்டால் முன்கைதான் வீங்கும். அதே மாதிரி ‘ஹிகிதே’. ஒரு கை குத்தும்போது இன்னொரு கை இடுப்புக்கு வருவது அழகுக்காக என்று நினைப்பார்கள். எதிராளியின் கையைப் பிடித்து இழுப்பதற்கு என்பது பழைய விளக்கம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான சொல் ‘யாமே’. நிறுத்து என்று அர்த்தம். ‘ஹாஜிமே’ என்றால் தொடங்கு. குமிதேவில் ‘யாமே’ கேட்ட நொடியில் கை நிற்க வேண்டும். பாதி வழியில் இருக்கும் உதையும் நிற்க வேண்டும். ‘சுன்-தோமே’ என்று ஒரு முறையே இருக்கிறது. ‘சுன்’ என்பது சுமார் 3 சென்டிமீட்டர். உடம்பில் படுவதற்கு அந்த அளவு முன்னாலேயே குத்தை நிறுத்துவதுதான் அது. வகுப்பைப் பார்க்கப் போகும் பெற்றோர், பிள்ளைகள் எவ்வளவு வேகமாக உதைக்கிறார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம். ‘யாமே’ சொன்னதும் நிற்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கறுப்பு பெல்ட் வாங்கிட்டா முடிஞ்சுதா?

வண்ண பெல்ட் நிலைகளுக்கு ‘கியூ’ என்று பெயர். எண் இறங்கிக்கொண்டே வரும். 1ஆம் கியூ வந்தால் அடுத்தது கறுப்பு. அங்கிருந்து ‘டான்’, எண் ஏறும். இந்த முறை ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து கராத்தேவுக்கு வந்தது. எந்தக் கியூவுக்கு எந்த நிறம் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். அதனால் இடம் மாறும்போது நிறத்தைச் சொல்வதை விடக் கியூ எண்ணைச் சொல்வதுதான் உபயோகம்.

“ஒரே வருஷத்தில் பிளாக் பெல்ட்” என்று விளம்பரம் பார்த்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். முதல் கறுப்பு பெல்ட்டின் பெயர் ‘ஷோடான்’. அதில் ‘ஷோ’ என்ற எழுத்துக்கு அர்த்தம், தொடக்கம்.